முக்குறுணி நெல்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்புகளை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அதோடு ஒப்பிட்டால் எங்கள் குத்தாலம் தப்பித்தது என்றே சொல்ல வேண்டும். தப்பித்தவர்களுக்கு வரும் குற்ற உணர்ச்சியில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, தை மாதம் ஒரு நிவாரண நிதிக் கச்சேரி வைத்தோம். சென்னையில் கணினி வேலை பார்க்கிறவன் என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது. எக்செல்லில் வரிசையாக எழுதினேன்: மண்டபம், மைக்செட், ஜெனரேட்டர், பிளக்ஸ், சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. நாகஸ்வரம், தவில் என்ற வரிக்கு எதிரே மட்டும் பூஜ்யம்.

தவில் வாசிக்க வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். வாசித்து முடித்து விரல்களில் இருந்த கூடுகளைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்: "மைக்செட்டுக்கு எவ்ளோ தம்பி குடுத்தீங்க?"

சொன்னேன். "நல்ல செட்டுதான்" என்றார். அன்றைக்கு முகூர்த்த நாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஒரு கல்யாணத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

மேடையில் நன்கொடையாளர் பட்டியல் வாசித்தபோது, வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்ட பந்தல்காரர் பெயர் அதில் இருந்தது. வாசித்தவர்கள் பெயர் இல்லை. அவர்கள் 'கலந்துகொண்டு சிறப்பித்தவர்கள்.'

நம் ஊரில் கலைஞர்கள் காசை எதிர்பாராமல் கோயிலுக்கு வாசித்தவர்கள், தர்ம காரியத்துக்குப் போய் கூலி கேட்பதா என்று ஒரு பேச்சு உண்டு. நானும் அதை நம்பித்தான் அந்தப் பூஜ்யத்தைப் போட்டேன். ஆனால் இந்தக் காவிரிக் கரையின் பழைய கணக்குகள் அப்படிச் சொல்லவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட ராஜராஜ சோழன் 48 பேரை நியமித்தான். கூடவே உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று கல்வெட்டு சொல்கிறது. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 91 கலம் வருகிறது. அதே கோயிலின் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்துவிட்டால் அந்தப் பங்கு நெருங்கிய உறவினருக்குப் போகும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை வைத்துப் பணியை நடத்த வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பணி ஒப்பந்தம் இது. நான் கையெழுத்துப் போட்ட சில ஒப்பந்தங்களை விடத் தெளிவானது.

பின்னால் வந்த மானியமும் இதே வழிதான். நாகஸ்வரக்காரர் விடியற்காலையில் சந்நிதி முன் வாசிக்கும்போது யாரும் அவர் கையில் காசு வைக்கவில்லை என்பது உண்மை. வைக்கத் தேவையில்லை. ஊருக்கு வெளியே அவர் பேரில் கொஞ்சம் நஞ்சை விளைந்துகொண்டிருந்தது. 1963-ல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்து இனாம் நிலங்களை ரயத்துவாரிப் பட்டா முறைக்கு மாற்றியது. அந்தச் சட்டத்தின் நியாய அநியாயம் வேறு விஷயம். நிலமும் வாசிப்பும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்த காலம் போய்விட்டது. 'சும்மா வாசிப்பார்கள்' என்ற வழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

சனி ஞாயிறில் நான் திறந்த மூல மென்பொருளுக்கு இலவசமாக நிரல் எழுதிக் கொடுப்பதுண்டு. பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். திங்கள் முதல் வெள்ளி வரை வரும் சம்பளம்தான் என் மானியம்.

குத்தாலத்திலிருந்து கும்பகோணம் போகும் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் நரசிங்கன்பேட்டை. பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் செய்கிற ஊர்; 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனத்தை உருவாக்கியது திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக. பிள்ளை ஆதீன வித்வான். கிராப் வைத்துக்கொண்டார், சட்டை போட்டுக்கொண்டார், நாகஸ்வரக்காரன் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்பதை மறுத்து மேடையில் உட்கார்ந்து வாசித்தார். சன்மானத்தில் கறார். அதைத் திமிர் என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு. எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. அவருக்கு முந்தைய தலைமுறைகளுக்கு 'எவ்வளவு?' என்று கேட்கும் இடமே கிடையாது. கொடுப்பவர் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இலவசமாக வாசிப்பதற்கும் முதலில் அந்த இடம் வேண்டும். விலை சொல்லும் உரிமை இருக்கிறவன்தான் 'வேண்டாம்' என்று சொல்ல முடியும்.

எம்.எஸ்.சுப்புலட்சுமி அப்படிச் சொன்னார். 1944-ல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள். அங்கிருந்து தொடங்கி 200-க்கும் மேற்பட்ட நிதிக் கச்சேரிகள். திரட்டிய தொகை ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். 1974-ல் அவருக்கு மகசேசே விருது பொதுச் சேவைக்காகத்தான் கொடுத்தார்கள். இந்த விவாதம் வந்தால் எல்லோரும் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அதன் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. 1970-களின் பிற்பகுதியில் பண நெருக்கடியில் கல்கி கார்டனை விற்றுவிட்டு அவரும் சதாசிவமும் வாடகை வீட்டுக்குப் போனார்கள். உதவியாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்து, திருப்பதி தேவஸ்தானம் அன்னமாச்சார்யா கீர்த்தனைகளைப் பாடிப் பதிவு செய்யச் சொன்னது. 'பாலாஜி பஞ்சரத்னமாலா' வந்தது அப்படித்தான். ஊருக்கெல்லாம் பாடிக் கொடுத்தவருக்குக் கடைசியில் பாட்டுக்கு ஊதியம் என்றுதான் உதவ முடிந்தது.

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனைக்கு யாரும் சன்மானம் வாங்குவதில்லையே என்பார்கள். அங்கே வாசிப்பவர் தன் குருபரம்பரைக்குப் பட்ட கடனைத் தானே தீர்க்கிறார். குத்தாலத்தில் நான் செய்தது, அந்தத் தவில்காரர் கொடுக்க வேண்டிய நன்கொடையை அவரைக் கேட்காமலே முடிவு செய்தது. ஒரு முகூர்த்த நாளின் முழு வருமானம். நாங்கள் யாரும் அவ்வளவு கொடுக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம் கட்ட மறுபடி கச்சேரி வைத்தோம். இம்முறை அவர் வீட்டுக்கே போய், "அண்ணே, எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க" என்றேன். சொன்னார். குறைத்துச் சொல்லவில்லை. கச்சேரி முடிந்து கவரைக் கொடுத்ததும் என் எதிரிலேயே எண்ணிப் பார்த்தார். பிறகு அதிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இரண்டை உருவி மேசைமேல் வைத்தார்.

"ரசீது போடு தம்பி. பேர முழுசா எழுது. மைக்குல வாசிக்கிறப்ப தவில்னும் சேத்து வாசிக்கச் சொல்லு."