மலை மேல் ஒரு குட்டி இங்கிலாந்து: ஊட்டி காட்டேஜ்களின் கதை

சென்னையில் இருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், கும்மிடிப்பூண்டிக்கு அடுத்து வரும் ஊர் எளாவூர். அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. சித்திரை, வைகாசியில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்... மணல் காலைச் சுடும், உப்புக்காற்று முகத்தில் அறையும், ஒதுங்கலாம் என்றால் பனைமர நிழல்தான் கிடைக்கும். ஏரிக்கரை மீனவர்கள் அந்த வெயிலிலும் வலை இழுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இதே வெயிலைச் சமாளிக்க வெள்ளைக்கார அதிகாரிகள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். கோடை வந்தால் மலைக்குப் போய்விடுவது! மலைக்குப் போனதோடு நிற்கவில்லை. அங்கே ஒரு குட்டி இங்கிலாந்தையே கட்டினார்கள். இன்றைக்கு நாம் ஊட்டிக்குச் சுற்றுலா போய் "காட்டேஜ் எடுத்துத் தங்கினோம்" என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். இங்கிலாந்தில் காட்டேஜ் என்றால் பழைய காலத்தில் குடிசை வீடு. சொந்த நிலம் இல்லாத கூலி விவசாயி இருந்த வீடு. பிறகு நகரத்து மக்களுக்கு மலையும் ஏரியும் பார்க்கும் ஆசை வந்தது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை ஏரி மாவட்டத்தில், கிராஸ்மியர் என்ற ஊரில் ஒரு சிறிய வீட்டில் வாழ்ந்தார். அது இன்று அருங்காட்சியகம். அந்தப் பகுதி 1951-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஏழையின் குடிசை பணக்காரரின் விடுமுறை வீடாக மாறியது இப்படித்தான்.

நம் ஊரில் கதை தலைகீழ். இங்கே காட்டேஜை முதலில் கட்டியவரே கலெக்டர்!

அவர் பெயர் ஜான் சலிவன், கோயம்புத்தூர் கலெக்டர். 1819-ல் நீலகிரி மலை ஏறினார். அந்தக் காலத்தில் மேலே போக ரோடு கிடையாது, அடிவாரத்தில் அடர்ந்த காடு, அதில் விஷக்காய்ச்சல். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் ஒரு சிறிய பங்களா கட்டினார். இன்று அது சலிவன் நினைவகமாக இருக்கிறது. பிறகு 1822-ல் ஊட்டியில் கல்லால் ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். ஸ்டோன் ஹவுஸ் என்று பெயர். உள்ளூர் மக்கள் அதைக் "கல் பங்களா" என்றார்கள். ஊட்டியின் முதல் பங்களா அதுதான். ஊட்டி ஏரியை வெட்டியதும், உருளைக்கிழங்கையும் சீமைக் காய்கறிகளையும் அங்கே பயிரிட வைத்ததும் அவர்தான்.

அப்படி அந்த மலையில் என்ன இருந்தது? குளிர்! சுமார் 2,200 மீட்டர் உயரம். காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் அன்று டாக்டர்களே நம்பினார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதற்கான முக்கியமான தடயத்தை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல்தான். காரணம் தெரியாவிட்டாலும் பலன் தெரிந்தது. மேலே போன நோயாளிகள் தேறினார்கள். 1827 முதல் 1832 வரை சென்னை கவர்னராக இருந்த லஷிங்டன், ஊட்டியை உடல்நலம் தேறும் இடமாக வளர்த்தார். 1834-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடம்பு சரியில்லாமல் ஊட்டியில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க, சென்னையில் வந்து இறங்கிய மெக்காலேயைப் பல்லக்கில் வைத்து மலை மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கொஞ்ச காலத்தில் ஊட்டி ஆளே மாறிவிட்டது. சாய்வான கூரை, புகைபோக்கி, கணப்பு அடுப்பு, முன்னால் ரோஜாத் தோட்டம், வாசலில் ஆங்கிலப் பெயர்ப் பலகை. புனித ஸ்டீபன் தேவாலயம் 1830-ல் வந்தது. அதன் பெரிய மர உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையில் இருந்து கொண்டுவரப்பட்டவை. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் வந்து தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். 1870 முதல் ஆண்டுதோறும் கோடையில் சென்னை அரசாங்கமே ஃபைல்களுடன் மலை ஏறியது. மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899-ல், ஊட்டிக்கு வந்தது 1908-ல். அதற்கு முன்னால் எல்லாம் மாட்டு வண்டி, குதிரை, மனிதத் தோள்தான்.

சரி, அந்த இடம் யாருடையது?

ஊட்டியின் பழைய பெயர் ஒத்தைக்கல்மந்து என்று சொல்வார்கள். மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. தோடர் வீட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். வாசல் மிகச் சிறியது, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். குளிருக்கும் மிருகங்களுக்கும் ஏற்ற வீடு. எருமை மேய்த்து வாழ்ந்த அந்த மக்களிடம் சலிவன் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பார்கள். அவர் நிறைய நிலம் சேர்த்தவர்தான். ஆனால் மலை நிலத்தின் உரிமை தோடர்களுக்கே என்று அரசாங்கத்திடம் வாதாடியவரும் அவர்தான். லஷிங்டன் அதை ஏற்கவில்லை. நல்லவரா கெட்டவரா என்று ஒரே வரியில் முடிக்க முடியாத மனிதர். 1838-ல் அவருடைய மனைவியும் ஒரு மகளும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஆரோக்கியத்துக்காக உருவாக்கிய ஊரிலேயே குடும்பத்தைப் புதைத்துவிட்டு, 1841-ல் இந்தியாவை விட்டுப் போனார்.

இனி மறுபடியும் பழவேற்காட்டுக்கு வருவோம். ஊட்டிக்கும் அந்த ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் ஒரு பெயரில் இருக்கிறது... பக்கிங்ஹாம்!

1806-ல் காக்ரேன் என்பவர் சென்னையில் இருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். அது பிறகு பழவேற்காடு ஏரி வரையும், ஏரிக்கு வடக்கே ஆந்திரக் கரை வரையும் நீண்டது. ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் படகில் சென்னைக்குப் போனது இந்த வழியாகத்தான். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம். அப்போது சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். வெட்டியவர்கள் பசியில் வாடிய ஏழைகள். 1877 ஆரம்பத்தில் நிவாரண வேலை செய்த ஓர் ஆணுக்கு ஒரு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்றால் அரை கிலோவுக்கும் குறைவு! சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். அதே ஆண்டில் கூலி உயர்த்தப்பட்டது. இறந்தவர்கள் அரை கோடிக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

அப்போது சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன். கால்வாய்க்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. ஊட்டியில் கவர்னர் மாளிகை எழும்பியதும் அவருடைய பதவிக் காலத்தில்தான். 1877-ல் பஞ்ச நிலைமையைப் பார்க்கத் தெற்கே வந்த வைஸ்ராய் லிட்டன் ஊட்டிக்கும் போனார். மனைவிக்கு எழுதிய கடிதத்தில், அங்கே பெய்யும் மழையும் மிதிபடும் சேறும்கூட அசல் இங்கிலாந்து மாதிரியே இருக்கிறது என்று மெச்சிக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். கீழே மழை பொய்த்து மக்கள் செத்துக்கொண்டிருந்த ஆண்டு அது.

கல் பங்களா இன்று ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்குச் சொந்தம். 1955-ல் அந்தக் கல்லூரி தொடங்கியது. ஒரு காலத்தில் கலெக்டர் குடும்பம் மட்டும் குளிர் காய்ந்த வீட்டில் இப்போது முதல்வர் அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பத்துடன் மாணவர்கள் வாசலில் நிற்கலாம்.

எளாவூர் பக்கத்து மாணவர்களும் கல்லூரிச் சுற்றுலாவில் ஊட்டி போவார்கள். ஏரியில் படகு ஓட்டுவார்கள், பூங்காவில் போட்டோ எடுப்பார்கள், ஸ்வெட்டர் வாங்குவார்கள். தாராளமாக அனுபவிக்கட்டும். திரும்பி வரும்போது, தங்கள் ஊர்ப் பக்கம் தூர்ந்து கிடக்கும் கால்வாயையும் ஒரு தடவை பார்க்கட்டும். மேலே மாளிகை கட்டியவரின் பெயர்தான் அதற்கும். வெட்டியவர்களின் பெயர் அங்கேயும் எழுதப்படவில்லை.