லாரி பாட்டரியிலிருந்து வாத்தின் வயிற்றுக்கு

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஒவ்வொரு லாரியிலும் ஒரு பாட்டரி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். இந்தியாவில் வெட்டியெடுக்கப்படும் ஈயத்தின் பெரும்பகுதி ராஜஸ்தானில், ஆரவல்லி மலையடிவாரச் சுரங்கங்களில் பிறக்கிறது. உதய்ப்பூர் அருகே உள்ள ஜாவரில் 2,000 ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே தோண்டியிருக்கிறார்கள்.

பாட்டரியின் ஆயுள் சில ஆண்டுகள்தான். ஈயத்துக்கு முடிவே கிடையாது. அது மக்காது, எரிந்து போகாது. செத்த பாட்டரியை விற்றவரிடமே திருப்பித் தர வேண்டும், உரிமம் பெற்ற ஆலையில்தான் உருக்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022-ல் அது இன்னும் இறுக்கப்பட்டது. ஆனாலும் பழைய இரும்புக் கடை வழியாகக் கைமாறும் ஈயம் நிறைய. 327 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும் உலோகம் இது. விறகடுப்பும் இரும்புக் கரண்டியும் போதும். அந்தப் புகையில் நிற்கும் குழந்தைகளுக்கு நேரும் கேடு தனியே எழுத வேண்டிய கதை.

உருகிய ஈயம் வலைக்குண்டாகிறது. தூண்டில் நரம்பில் நசுக்கிவிடும் மிளகளவு மணியாகவும் ஆகிறது. கையால் வளைக்கலாம், பல்லால் கடிக்கலாம், விலையும் குறைவு. தூண்டில் போடுகிறவருக்கு இதைவிட வசதியான பொருள் இல்லை. கோரையிலோ கல்லிலோ முள் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிட்டு வேறொன்று கட்டுவார்கள். அறுந்த மணி சேற்றில் இறங்கிவிடும். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரில் அதன்மேல் வெளுத்த படலம் ஒன்று படிந்து, உள்ளே இருப்பதைக் கரையவிடாமல் காக்கிறது. ஆண்டுக்கணக்கில் அது அப்படியே கிடக்கும்.

இந்த வட்டாரத்தின் பெரிய நீர்நிலை கரைவெட்டி. 1999-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது அது பெரம்பலூர் மாவட்டம், இப்போது அரியலூர். பரப்பு சுமார் 454 ஹெக்டேர். 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்புகிறது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும், வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் இங்கே குளிர்காலம் கழிக்கின்றன. சரணாலய எல்லை அவற்றுக்குத் தெரியாது. சுற்றியுள்ள வயல், குளம், வாய்க்கால் எல்லாம் அவற்றுக்கு மேய்ச்சல் நிலம்தான்.

ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, நீண்ட கழுத்தை நீட்டிச் சேற்றைத் துழாவும். விதையும் கிழங்கும் தேடும், கூடவே சிறு கற்களையும் பொறுக்கும். பறவைக்குப் பல் இல்லையே! கறிக்கடையில் கோழியைச் சுத்தம் செய்யும்போது மணலும் பொடிக்கல்லுமாக ஒரு கெட்டியான பை வருமே, அதுதான் அதன் அரைவை இயந்திரம். அந்தப் பைக்குப் போகும் கற்களோடு ஈயமணியும் போகிறது.

ஏரிச் சேற்றில் வருடக்கணக்கில் கரையாத மணி இங்கே சில நாளிலேயே தேய்ந்து கரையத் தொடங்கும். கற்கள் படலத்தை உரிக்கின்றன, வயிற்று அமிலம் உலோகத்தை அரிக்கிறது. ஈயம் ரத்தத்தில் கலந்து, ரத்தச் சிவப்பணு உருவாவதைக் கெடுக்கிறது. கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பில் தங்குகிறது. நரம்பு தளர்ந்து குடல் அசையாமல் நின்றுவிடுகிறது. தின்ற இரை உள்ளேயே தேங்க, வயிறு நிறைந்திருந்தும் பறவை பட்டினியில் மெலிகிறது. எச்சம் பச்சையாகப் போகும். இறக்கையை மடக்க வலுவின்றித் தொங்கவிட்டுக்கொண்டு புதருக்குள் ஒதுங்கும். ஒன்றிரண்டு மணிகளே ஒரு வாத்தைக் கொல்லப் போதும், இரண்டு மூன்று வாரத்தில். நெல் போன்ற தானியத்தையே தின்னும் பறவைக்குக் கேடு இன்னும் அதிகம். சுற்றிலும் வயல் உள்ள ஏரியில் இது சாதாரண விஷயமில்லை.

செத்த வாத்தைச் சேற்றுப் பூனைப்பருந்து கொத்தும், நரி இழுத்துப் போகும். ஈயம் அடுத்த உடலுக்குக் குடிபோகிறது. புதருக்குள் ஒதுங்கிச் சாவதால் மனிதர் கண்ணில் படுவது குறைவு. இதனாலேயே இந்தச் சாவுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிரிட்டனில் அன்னங்கள் இப்படிச் செத்ததைக் கண்டு, 1987-ல் சிறிய ஈயத் தூண்டில் குண்டுகள் விற்பதற்குத் தடை விதித்தார்கள். அன்னங்களின் எண்ணிக்கை மீண்டது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டை அமெரிக்கா 1991-ல் நிறுத்தியது. ஈரநிலங்களில் ஈயக்குண்டால் சுட 2023 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. நாமும் பெட்ரோலிலிருந்து ஈயத்தை 2000-ல் நீக்கினோம். வீட்டுப் பெயின்ட்டில் 2017-லிருந்து பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்றோம். மனிதக் குழந்தைகளுக்காகச் செய்தது அது. சரிதான், செய்யவேண்டியதுதான். ஏரிக்கும் அதே அக்கறை வேண்டும் என்கிறேன்.

அரியலூரில் மாசு என்றாலே சிமென்ட் தூசியைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் ஆலைத் தூசியை அடக்கப் பெரும் முதலீடும் காலமும் வேண்டும். தூண்டில் ஈயத்தை நாளைக் காலையே நிறுத்தலாம். இரும்பு நட்டு போதும். வலைக்குச் சுடுமண் குண்டு நம் ஆட்கள் தொன்றுதொட்டுக் கட்டியதுதான். கரைவெட்டியிலும் அதைச் சுற்றிய குளங்களிலும் ஈயக்குண்டுக்கு மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் தடை விதிக்கட்டும்; மீன்வளத்துறை மாற்றுக் குண்டுகளை இலவசமாகத் தரட்டும். அதுவரை, உங்கள் வீட்டில் தூண்டில் இருந்தால் அதிலுள்ள ஈயத்தைக் கழற்றிவிடுங்கள். பழைய பாட்டரியை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.