துருத்தி முதற் கண்ணாடித்திரை வரை

சென்ற விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது. மடிக்கணினியில் நான் ஒரு சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதிலும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே பொருந்தும். விமானம் தன்பாட்டிற் பறந்தது, நான் தேநீர் அருந்தினேன். எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் பின்னால் வந்து நின்று சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, "தம்பி, மெசின் தானே ஓடுதெண்டால் ஓட்டுறவர் எதுக்கு?" என்று கேட்டார். "உது விளையாட்டுத்தானே, ஐயா" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. விடை தேடப் புகுந்தபோது நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு விரிந்தது. அதனையே இங்கு எழுதுகின்றேன்.

றைற் சகோதரர் 1903ஆம் ஆண்டிற் பறந்த காலந்தொட்டு விமானிகளைப் பெரிதும் வருத்தியது முகிலாகும். முகிலினுட் புகுந்தவனுக்கு அடிவானம் மறைந்துவிடும். விமானம் நேரே செல்கின்றதா, சரிந்து வளைகின்றதா என்பதை அவன் உடம்பைக் கொண்டே அறிய முயல்வான். உடம்போ பொய் சொல்லும். நமது உட்செவியிலுள்ள நீர், சுழற்சி தொடங்கும்போது அதனை நன்கு உணர்த்தும். ஒரே வேகத்திற் சுழன்றுகொண்டேயிருந்தால் சிறிது நேரத்தில் அவ்வுணர்ச்சி அற்றுப்போகும். சுழற்சி நின்றதும் எதிர்ப்புறமாகச் சுழல்வதாகத் தோன்றும். சிறுபிள்ளைகள் முற்றத்திற் கிறுகிறுவென்று சுற்றி நின்றபின், உலகம் சுற்றுகின்றதென்று கூவுவது இதனாலேதான்.

1926ஆம் ஆண்டில் வில்லியம் ஒக்கர் என்னும் அமெரிக்கப் படை விமானியைக் கண்ணை மூடச் செய்து, சுழல் நாற்காலியில் இருத்திச் சோதித்தார் டேவிட் மையர்ஸ் என்னும் மருத்துவர். ஒக்கர் பல்லாண்டு பறந்து கைதேர்ந்தவர். அவரே நாற்காலி எப்பக்கம் சுழல்கின்றதென்று தவறாகச் சொன்னார். பின்னர், திரும்புதலைக் காட்டும் ஊசிக் கருவியொன்றைப் பெட்டிக்குள் வைத்து, அதனை மட்டும் பார்த்துச் சொன்னபோது தவறவில்லை. முகிலிற் பறக்க வேண்டுமாயின் உடம்பின் சாட்சியைத் தள்ளி, ஊசியின் சாட்சியைக் கொள்ளப் பழகல் வேண்டுமென்பது தெளிவாயிற்று. சொல்லுதல் எளிது. உயிர் போகும் அச்சத்தில் உடம்பு கத்தும்போது ஊசியை நம்புதல் எளிதன்று.

உடம்பை விலக்கிவிட்டு யந்திரத்திடமே விமானத்தை ஒப்படைக்கும் முயற்சியோ இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தியது. எல்மர் ஸ்பெறி என்பவர் ஜைரோஸ்கோப் என்னும் சுழல் சக்கரத்தைக் கப்பல்களுக்குப் பயன்படுத்தியவர். விரைவாகச் சுழலும் பம்பரம் சாயாது தன் நிலையில் நிற்க முயல்வதை நாம் அறிவோம், அத்தத்துவமே இது. அவருடைய மகன் லோறன்ஸ் ஸ்பெறி அதனை விமானத்திற் பொருத்தினார். 1914ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி, பாரிசுக்கு அண்மையிற் சேன் நதியின்மீது, பல்லாயிரவர் பார்த்திருக்கப் பறந்தார். அவர் இரு கைகளையும் உயர்த்தியபடி இருக்க, அவருடைய உதவியாளர் எமில் கஷான் இறகின்மீது ஏறி நடந்தார். விமானம் சரியவில்லை, யந்திரமே அதனை நிமிர்த்திப் பிடித்தது. பரிசு 50,000 பிராங்கு. அப்போது லோறன்சுக்கு வயது 21. (என் வயதினர் என்பதை எண்ணும்போது சிறிது வெட்கமாகவே இருக்கின்றது.) 1923ஆம் ஆண்டு இறுதியில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்ட அவர் கடலில் மாண்டார்.

1929ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆந் திகதி ஜேம்ஸ் டூலிற்றில் என்பவர், நியூயோர்க்கைச் சேர்ந்த மிச்சல் தளத்தில், மூடிய கூண்டினுள் இருந்தபடி வெளியே எதனையும் பாராது மேலெழுந்து, சுற்றிவந்து, தரையிறங்கினார். ஸ்பெறி கம்பனியின் செயற்கை அடிவானமும் கோல்ஸ்மனின் நுண்ணிய உயரமானியும் வானொலிச் சைகைகளுமே அவருக்குக் கண்களாயின. 1933இல் வைலி போஸ்ற் தானோட்டியின் துணையுடன் தனியொருவராக எட்டு நாளுக்குள் உலகைச் சுற்றிவந்தார்.

டூலிற்றில் பறந்த அதே 1929ஆம் ஆண்டிலேதான் பிங்கம்ரன் என்னும் ஊரில் எட்வின் லிங்க் என்னும் இளைஞர், பறவாத விமானம் ஒன்றை அமைத்து முடித்தார். இவர் கதை சுவையானது. இவருடைய தந்தையார் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மிஷன் பாடசாலையிற் படித்தவர்களுக்குத் தேவாலயத்து ஓர்கன் தெரிந்திருக்கும். ஏனையோர் நமது பஜனைக்கூடத்து ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்க. இரண்டிற்கும் உயிர் துருத்தியே. லிங்க் 1920இல் 50 டொலர் கொடுத்து முதற் பறப்புப் பாடத்துக்குச் சென்றார். ஆசிரியர் அவரை ஏற்றிக்கொண்டு ஆகாயத்திற் குட்டிக்கரணம் அடித்து இறக்கிவிட்டார். கைபிடியைத் தொடவும் விடவில்லை. காசு கொடுத்தும் ஒன்றும் கற்காத மாணவனின் கோபம் சில வேளை நல்ல காரியங்களைச் செய்விக்கும். தரையில் இருந்தவாறே குறைந்த செலவிற் பறக்கக் கற்பிக்கும் வழியை லிங்க் தேடினார்.

ஓர்கன் துருத்திகளின்மேல் ஒரு சிறு விமான உடலை ஏற்றினார். மின்சாரப் பம்பு காற்றை உறிஞ்ச, ஒரு துருத்தி சுருங்கும், மற்றது விரியும்; கைபிடியை அசைத்த பக்கத்துக்கு உடல் சரியும், முன்னே குனியும், நிமிரும். கட்டையான இறகுகளும் வாலும் வைத்த அதனைப் பார்த்தவர்கள் விளையாட்டுப் பொருளென்றே எண்ணினர். முதலில் வாங்கியோரும் களியாட்டப் பூங்காக்காரரே. பிற்பாடு மூடியும் கருவிகளும் சேர்ந்தன. மூடியை இழுத்துவிட்டால் மாணவன் இருட்டில் ஊசிகளோடு தனித்திருப்பான். வெளியே மேசையில் ஆசிரியர். அம்மேசையின் படத்தின்மீது, 'நண்டு' என்று பெயர் பெற்ற சிறு சக்கர வண்டியொன்று, மாணவன் சென்ற வழியை மையினாற் கோடிட்டுக்கொண்டே ஊரும். மாணவன் மூடியைத் திறந்து இறங்கி வந்து, நேரே போனதாகத் தான் நம்பிய வழி வளைந்து நெளிந்து கிடப்பதைக் காண்பான். அக்கோட்டைவிடச் சிறந்த ஆசிரியர் வேறு யார்?

1934ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்காவின் ஆகாயத் தபாற் சேவை படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் வெயிலிற் பறந்து பழகியவர்கள். தபாலோ இரவிலும் பனியிலும் செல்ல வேண்டியது. சில மாதங்களுள் 12 பேருக்குக் குறையாதோர் மாண்டனர். விளையாட்டுப் பொருளை அப்போதுதான் படையினர் திரும்பிப் பார்த்தனர். அதிகாரிகள் நியூவாக் நிலையத்தில் லிங்க்கைக் காணக் காத்திருந்த நாளில் மூடுபனி படர்ந்திருந்தது. இக்காலநிலையில் எவரும் வாரார் என்று அவர்கள் எண்ணியிருக்க, அவர் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்து வந்து இறங்கினாராம். ஒன்று 3,500 டொலர் வீதம் ஆறு யந்திரங்கள் வாங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஏறக்குறைய 10,000 செய்யப்பட்டு, ஐந்து இலட்சம் விமானிகள் வரையில் அவற்றிற் பயின்றனர்.

கணினியின் வருகையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இலினோய் பல்கலைக்கழகத்து மாணவரான புரூஸ் ஆற்விக், கணினித்திரையிற் பறப்பைக் காட்டுவது பற்றி 1975இல் ஆய்வுரை எழுதினார். அதன் வழிவந்தது வீட்டுக் கணினிக்கான பறப்பு யந்திரம். 1982இல் மைக்கிறோசொவ்ற் கம்பனி அதனை வெளியிட்டது. சிக்காகோவின் ஏரிக்கரையிலுள்ள மெய்க்ஸ் என்னும் சிறு தளத்தில் விமானம் நிற்பதாக அது தொடங்கும். 2003ஆம் ஆண்டு ஓரிரவில் நகராட்சியார் அத்தளத்தின் ஓடுபாதையைக் கிண்டி அழித்தனர். நிலத்தில் இல்லாத அத்தளம் பழைய கணினிகளுள் இன்னும் இருக்கின்றது!

நிற்க. உண்மை விமானங்களிலும் ஊசிகள் மறையத் தொடங்கின. பல வட்டக் கருவிகளின் செய்தியைத் திரையொன்றில் ஒருங்கே காட்டும் முறையை நாசா நிறுவனத்தார் 1970களிற் பரிசோதித்தனர். 1982இற் சேவைக்கு வந்த போயிங் 767 போன்றவற்றில் அது நிலைபெற்றது; மூவர் இருந்த விமானியறையில் இருவர் போதும் என்றாயிற்று. திரைக் கண்ணாடியினால் இவ்வறைக்குக் 'கண்ணாடி விமானியறை' என்று பெயர். இருபது ஆண்டுகளின்பின் கார்மின் கம்பனியின் திரைகள் செஸ்னா 172 போன்ற நாலுபேர் விமானத்துக்கும் வந்துவிட்டன. நான் மடிக்கணினியில் ஓட்டுவதும் அதுவே. இடத்திரையில் மேலே நீல வானம், கீழே மண்ணிற நிலம். இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் உயரம். வலத்திரையிற் படமும், செல்லவேண்டிய வழியைக் காட்டும் ஊதாச்சிவப்புக் கோடும். திரையின் மேல்விளிம்பிற் சிறு எழுத்துக்கள் சில தோன்றும். தானோட்டி இப்போது எதனைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது என்பதைப் பச்சை எழுத்தும், அடுத்து எதனைப் பிடிக்கக் காத்திருக்கின்றது என்பதை வெள்ளை எழுத்தும் கூறும்.

அன்று பெரியவர் போன பின்னர், சிக்காகோவிலிருந்து மிச்சிக்கன் ஏரியின்மேற் சென்றுகொண்டிருந்த எனது விமானத்தை 9,000 அடிக்கு உயர்த்த விரும்பினேன். நிமிடத்துக்கு 1,000 அடி ஏறுக என்று தானோட்டிக்குக் கட்டளையிட்டுத் தேநீர்க் கோப்பையை வைக்க அடுக்களைக்குப் போனேன். இயந்திர விசையைக் கூட்டவில்லை. தானோட்டி சொன்னதைச் செய்யும் நல்ல வேலைக்காரன். ஏறும் வீதத்தைக் காக்கும்பொருட்டு மூக்கை உயர்த்தியது, வேகம் குறைந்தது, மேலும் உயர்த்தியது. எச்சரிக்கை ஒலி கேட்டு நான் ஓடிவருமுன் இறகு தூக்குவிசையை இழந்து, ஏரி திரை முழுவதையும் நிறைத்தது. பச்சை எழுத்து முதலிலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் வாசிக்கவில்லை.

எனக்கு நட்டம் ஒன்றுமில்லை. 1992ஆம் ஆண்டு சனவரி 20ஆந் திகதி இரவு, லியோனிலிருந்து ஸ்ராஸ்பேர்க் நகரை அணுகிய எயர்பஸ் ஏ320 ஒன்றில் இருந்தோர் 96 பேர். அவ்விமானத்தின் தானோட்டியில் ஒரே குமிழ் இருவகைக் கட்டளைகளுக்கு உதவிற்று. 3.3 பாகைச் சரிவில் இறங்கு என்பதற்கு 3.3 என்றும், நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கு என்பதற்கு 33 என்றும் சிறு சாளரத்தில் இலக்கம் தோன்றும். விமானம் பின்னைய வேகத்தில் இறங்கி மலையில் மோதிற்று. 87 பேர் மாண்டனர். எம்முறை தெரிவாகியுள்ளது என்பதை விமானிகள் மாறி நினைத்திருத்தல் கூடுமென்பது விசாரணையாளர் கருதிய காரணங்களுள் முக்கியமானது. பின்னர் அவ்விலக்கம் 3300 என்று முழுமையாகத் தோன்றுமாறு மாற்றப்பட்டது. இரண்டு சுழியம்! அவற்றின் விலையை எண்ணுக.

2009ஆம் ஆண்டு யூன் 1ஆந் திகதி அற்லாந்திக் சமுத்திரத்தின்மேல் எயர் பிரான்ஸ் 447இல் நிகழ்ந்தது வேறுவிதம். வேகத்தை அறியும் குழாய்களிற் பனிக்கட்டி அடைத்தது. வேகம் தெரியாத தானோட்டி பொறுப்பை விமானிகளிடம் திருப்பிக் கொடுத்தது. ஓட்டியவர் மூக்கை உயர்த்தினார். இறகுகள் தூக்குவிசையை இழந்தன. எச்சரிக்கை ஒலித்தும் நிலைமையை எவரும் உணர்ந்தாரில்லை. நாலரை நிமிடத்துக்குள் 228 பேரும் கடலில் மாண்டனர். அவ்வுயரத்திற் கையினால் ஓட்டும் பயிற்சி வேண்டுமென்று 2012இல் வந்த அறிக்கை வற்புறுத்தியது.

ஐக்கிய அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2002க்கும் 2006க்கும் இடையிற் செய்யப்பட்ட 8,000க்கு மேற்பட்ட சிறு விமானங்களை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டது. கண்ணாடித்திரை விமானங்களில் விபத்துக்களின் வீதம் குறைவு. உயிர்ச்சேத விபத்துக்களின் வீதமோ கூடுதல். அவை தூரப் பயணங்களுக்கும் முகிலினூடு பறத்தற்கும் கூடுதலாகப் பயன்பட்டன என்பதையும் நியாயமாகச் சேர்த்துச் சொல்லல் வேண்டும். திரைகள் பழுதுறும் நிலையை உண்மை விமானத்திற் பழகுதல் ஆபத்தாதலின், அதனைப் பாவனை யந்திரங்களிற் பழக்குமாறு அச்சபை கேட்டது. லிங்க்கின் துருத்திப் பெட்டி செய்த வேலையை இன்று மீண்டும் கேட்கின்றனர். அன்று ஊசியை நம்பப் பழக்கினர், இன்று திரை சொல்வதை வாசிக்கவும் வேண்டியபோது ஐயுறவும் பழக்குகின்றனர்.

பல செஸ்னா விமானங்களில் அத்திரைகளுக்குக் கீழே மூன்று பழைய வட்டக் கருவிகளை விட்டுவைத்துள்ளனர்: வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி. அவ்வடிவானத்துள் இருப்பது ஸ்பெறியின் பம்பரமே. அதனைச் சுழற்றுவது, லிங்க்கின் துருத்திகளை இயக்கியது போல, உறிஞ்சப்படும் காற்றே. போன கிழமை அப்பெரியவரை அருகில் இருத்தி, முகிலினுள் இரு திரைகளையும் அணைத்துவிட்டு, அம்மூன்றையும் பார்த்துக் கையினால் ஓட்டிக் காட்டினேன். பதினொரு நிமிடம் தாக்குப்பிடித்தேன். பன்னிரண்டாம் நிமிடத்தில் வலப்புறமாகச் சரிவதை அவரே முதலிற் கண்டு, "தம்பி, ஊசி சாயுது" என்றார்.