துபுவா பாதிரியாரின் மூன்று கணக்குகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு வழித்துணைக்குப் பஞ்சமில்லை. ஒரு சீட்டில் தமிழ், அடுத்ததில் தெலுங்கு, அதற்கும் அடுத்ததில் கன்னடம். மூன்று பேரும் திட்டுவது மட்டும் ஒரே விலைவாசியைத்தான்! வெளியே தொழிற்சாலை மதில்கள் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பூமிக்கு எல்லை போட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1792-இல் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாராமகாலோடு கிருஷ்ணகிரி கும்பினியார் கைக்குப் போயிற்று. ஓசூரோ 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழும் வரையில் மைசூரோடுதான் இருந்தது.

அந்தக் கோட்டை வீழ்ந்த பிறகு அங்கே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வந்து சேர்ந்தார். பெயர் ஆபே துபுவா. 1792-இல் இந்தியாவுக்கு வந்தவர். தலைப்பாகை கட்டி, நம்மவர் உடை உடுத்து, நம்மவர் உணவையே உண்டு வாழ்ந்தவர். சிதறிப்போயிருந்த கிறிஸ்தவக் குடும்பங்களை ஒன்றுசேர்ப்பது அவருக்கு இட்ட வேலை.

அந்த நாளில் பெரியம்மை வந்தால் ஊரே நடுங்கும். "அம்மை வார்த்திருக்கிறது" என்று மெதுவாகத்தான் சொல்வார்கள். வாசலில் வேப்பிலை, அடுப்படியில் தாளிப்பு கிடையாது, படுத்திருக்கும் குழந்தையை மாரியம்மனாகவே பாவித்துப் பேசுவார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் கண்ணை இழந்தார்கள். மைசூர் எல்லை, கும்பினி எல்லை என்றெல்லாம் அம்மை பார்க்கவில்லை.

இங்கிலாந்தில் 1796-இல் ஜென்னர் என்ற வைத்தியர், பசுவுக்கு வரும் லேசான அம்மையை மனிதனுக்குக் குத்தினால் பெரியம்மை அணுகாது என்று கண்டார். ஐஸ் பெட்டி இல்லாத காலம் அது. அந்த அம்மைப்பாலை இந்தியாவுக்கு எப்படிக் கொண்டுவருவது? வியன்னாவிலிருந்து பாக்தாத், அங்கிருந்து பஸ்ரா, அப்புறம் கப்பல் என்று வந்து, 1802 ஜூன் 14-ஆம் தேதி பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் அது பலித்தது. அதன் பிறகு அதற்குப் பாத்திரம் மனிதனுடைய கைதான். ஒருவனுக்குக் குத்திய இடத்தில் எட்டாம் நாள் கொப்புளம் திரளும். அதைக் கீறி அந்த நீரை அடுத்தவன் கையில் குத்த வேண்டும். நடுவில் ஒருவர் மறுத்துவிட்டால் போயிற்று, சங்கிலி அறுந்துவிடும்.

நம் ஊரில் இது சாமானியமான காரியமா? எந்தச் சாதிக்காரன் கையிலிருந்து எந்தச் சாதிக்காரன் கைக்கு? அம்மன் கோபித்துக்கொண்டால்? இத்தனைக்கும் நடுவே, 1803-04-ஆம் வருஷங்களில் துபுவா மைசூர்ச் சீமையில் இந்தப் பிரசாரத்தில் இறங்கினார். குத்திக்கொண்டவர்களுக்குக் கணக்கும் வைத்தார்: 25,432 பேர்!

ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்தது இதற்காக அல்ல. இந்துக்களின் பழக்க வழக்கங்கள், சடங்குகளைப் பற்றி அவர் ஒரு பெரிய நூலைக் கொடுத்தார். கும்பினியின் சென்னை அரசாங்கம் 2,000 நட்சத்திர வராகன் கொடுத்துக் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டது. 1816-இல் இங்கிலீஷில் வெளிவந்த அந்தப் புத்தகம், நம்மை ஆள வந்த துரைமார்களுக்கு வழிகாட்டியாகவே ஆகிவிட்டது. அதில் நம்மைப் பற்றிக் கடுமையான வார்த்தைகள் உண்டு, தப்பான முடிவுகளும் உண்டு. வேடிக்கை அதுவல்ல. ஸில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், துபுவாவின் நூலில் பெரும் பகுதிக்கு மூலம், புதுச்சேரியில் அவருக்கு முன்பே வாழ்ந்த கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியாரின் எழுத்து என்று காட்டிவிட்டார்!

சரி, சமயப் பணியாவது? 1823-இல் அவர் தாய்நாடு திரும்பினார். அதே வருஷம் வெளிவந்த கடிதங்களில், இங்கே இந்துக்களை மதம் மாற்றும் முயற்சி பலிக்காது என்று எழுதினார். இத்தனை வருஷங்களில் தாம் சேர்த்தவர்கள் இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடையில்தான் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இப்படித் தம் தோல்வியைத் தாமே அச்சில் ஏற்றிய மனிதரிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டாகிறது.

ஆக, மூன்று கணக்குகள். புகழ் தந்த புத்தகத்தில் பெரும் பங்கு இன்னொருவருடையது. எதற்காகக் கடல் கடந்து வந்தாரோ அந்த வேலையின் வரவு சில நூறு. யாரும் பேசாத கணக்கில் இருபத்தையாயிரத்துச் சொச்சம் உயிர்கள். இந்தக் கணக்கில் பாதிப் புண்ணியம் கையை நீட்டியவர்களுக்கு உரியது. அம்மனை விட்டுக்கொடுக்காமலே, அந்நியன் ஒருவன் ஊசியையும் நம்பிக் குழந்தையின் கையை நீட்டிய தாயின் தைரியம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

இந்தியாவில் பெரியம்மை 1975-இல் ஒழிந்தது. உலகத்தை விட்டே போய்விட்டதென்று 1980-இல் அறிவித்தார்கள். ஓசூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பாட்டியின் கையில், நாலணா அகலத்துக்கு வட்டத் தழும்பு ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பேத்தியின் கையில் அது இல்லை.

அந்தப் பெண்ணுக்கு அது தேவைப்படவில்லை!