நிழலுக்கும் ஒரு வரலாறு

கோடை பிறந்துவிட்டால் ஊரெல்லாம் உலைக்களம்! கடலோரப் புதுவையும் அதற்கு விலக்கன்று. ஆண்டுக்காண்டு அனல் ஏறுகிறது. பணம் படைத்தோன் குளிர்சாதனப் பொறியை முடுக்கிவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறான். அப்பொறி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து அள்ளித் தெருவிலே கொட்டுகிறது. உள்ளே ஒருவனுக்குத் தண்மை. வெளியே பலருக்கு வெம்மை. இதற்குப் பெயர் முன்னேற்றமா?

1902-இல் வில்லிஸ் கேரியர் எனும் அமெரிக்கப் பொறியாளர் அப்பொறியை வகுத்தது மாந்தரைக் குளிர்விக்கவன்று. புரூக்ளின் அச்சகமொன்றில் ஈரக்காற்றால் காகிதம் விரிந்து வண்ணம் பிசகியது. அதைத் தடுக்கவே வகுத்தார். அதற்கு முன்னே வாழ்ந்த மனிதன் வீட்டையே குளிர்கருவியாகக் கட்டினான். சான்று வேண்டுவோர் புதுவைத் தெருக்களைக் காணட்டும்.

பிரெஞ்சு ஆட்சியில் வாய்க்கால் ஒன்று ஊரை இரண்டாக வகுத்தது. கிழக்கே, கடற்காற்று முதலில் தழுவும் பகுதி வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். காற்றிலும் முதற்பங்கு ஆண்டவனுக்கு, எஞ்சியது அடிமைக்கு! ஆயினும் தமிழன் அறிவு அடங்கிவிடவில்லை. தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதன்பின் திண்ணை, நடுவே வானம் பார்த்த முற்றம். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, நிழலில் தவழ்ந்த காற்று தெருப்புறமிருந்து உள்ளே புகும். தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய தடித்த தளம், பகலின் வெப்பம் விரைந்து இறங்காதபடி காத்தது. பிரெஞ்சுக்காரரும் உயர்ந்த கூரை, சாய்பலகைச் சன்னல் என இம்மண்ணுக்கேற்பக் கட்டினர். தமிழர் இல்லங்கள் வரிசையாய் நிற்கும் வைசியாள் வீதியைச் சீரமைத்தமைக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிட்டியது.

பழையதை அப்படியே படியெடுத்தால்தான் குளிருமோ? இல்லை என்கிறது அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. பொகீமியாவில் பிறந்து சப்பானில் தொழில் புரிந்த அந்தோனின் ரேமண்டு அதனை வரைந்தார்; சார்சு நகாசிமாவும் பிரான்டிசெக் சாம்மரும் உடனிருந்து உழைத்தனர். ஐதராபாத்தின் அமைச்சர் அக்பர் ஐதரி வழியே பொருள் வந்தது, அதனாலேயே அப்பெயர். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி 1940-களில் முற்றுப்பெற்றது. கட்டடத்தின் நெடும்பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. காலை மாலைக் கதிர் பெரும்பாலும் குறுகிய பக்கங்களிலேயே தாக்கும். சுவருக்கு மாறாகத் திருப்பத்தக்க சாய்தகடுகள். வெயில் தடைபடும், காற்று தடைபடாது. கூரைமேல் மற்றொரு கூரை, இடையே காற்று. புத்தம் புதிய கற்காரையிலே, குளிர்பொறியின்றியே குளுமை!

ஆகவே அறிவு இருந்தது, இருக்கிறது. இல்லாதது எது? அறிவைப் பொதுவாக்கும் நெஞ்சம்! வழிப்போக்கனுக்கு நிழல் தந்தது திண்ணை என்று பெருமை பேசுகிறோம். சேரித் தோழன் அத்திண்ணையில் அமர முடிந்ததா? சாதி, நிழலுக்கும் வேலியிட்டதே! இன்று அவன் வாரிசு தகரக் கூரையின்கீழ் வேகின்றான். முற்றம் அமைக்க அவனிடம் நிலமுமில்லை. பொறி வாங்கப் பொருளுமில்லை.

அவனுக்கு வழியே இல்லையா? உண்டு. வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய கூரை கதிரைத் திருப்பி அனுப்பும், செலவோ சிறிது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று ஒப்பியபின், அதனின்று காப்பது கருணையன்று, கடமை.

ஏழைக்குக் கட்டும் வீட்டின் வரைபடத்திலே காற்றின் திசையும் கதிரின் திசையும் இடம்பெறட்டும். கூரைக்கு வெள்ளை, சன்னலுக்கு எதிர்ச்சன்னல், தெருவுக்கு மரம் என்பவை எல்லார்க்கும் உரியவையாகட்டும். வாய்க்காலின் கிழக்கும் மேற்கும் ஒரே தென்றலை நுகரும் நாளே, புதுவை முழு விடுதலை பெற்ற நாள்!