செவிக்கு ஒரு கல்லூரி

ஒகேனக்கல் அருவியருகே இருவர் பேசினால், நம் செவி பேச்சை மட்டும் தேர்ந்து கேட்கும். ஒலிவாங்கியோ அருவியின் இரைச்சலையும் சேர்த்தே பற்றும். இவ்வேற்றுமையை அறிவதே ஒலிப்பதிவுக் கல்வியின் முதற்பாடம்.

1931-இல் தமிழ்ப்படம் பேசத் தொடங்கியபோது, இப்பாடத்தைக் கற்பிக்க நம்மிடையே கல்லூரி இல்லை. 1934-இல் சென்னையில் ஏ. நாராயணன் நிறுவிய சீனிவாசா சினிடோனில், அவர் துணைவியார் மீனாட்சி தொழிலோடு தொழிலாகக் கற்று ஒலிப்பதிவாளரானார். அவ்வாய்ப்பு எத்துணைப் பேருக்குக் கிட்டும்?

1945-இல் சென்னையில் அரசின் திரைப்படத் தொழில்நுட்பக் கல்வி தொடங்கியது. ஒலிப்பதிவும் வகுப்பறைப் பாடமாயிற்று. படப்பிடிப்பு நிலையத்தில் உறவினர் இல்லாதோருக்கும் கதவு திறந்தது. இன்று எம்.ஜி.ஆர். பெயர் தாங்கி, தரமணியில் விளங்கும் அந்நிறுவனத்தின் வாயில் தருமபுரி மாணவருக்கும் உரியது. அதுவரை, அருவியருகே நின்று கூர்ந்து கேட்டுப் பழகுங்கள்!