சலங்கைக்கு விலை கொடுத்தவர்கள்



மாத்தளையில் ஏதேனும் ஒரு பாடசாலை மண்டபத்தில் தமிழ்மொழித் தினப் போட்டி நடைபெறும் நாளில் சற்று நேரம் போய் அமர்ந்து பாருங்கள். மேடையேறும் பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. நடுவர்கள் பார்ப்பார்கள், புள்ளியிடுவார்கள், அடுத்த பெயர் அழைக்கப்படும். மேடையின் பின்புறம் போனால் காட்சி வேறு. அங்கே ஒரு தாய் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பாள். வாடகைக்கு எடுத்த உடுப்பு பெரிதாகிவிட்டதென்று ஆசிரியை ஊசி குத்திக்கொண்டிருப்பார். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விடுமோ என்று தகப்பன் வாசலில் நிற்பார். புள்ளித்தாளில் இவர்களுக்கு இடமில்லை.

இன்றைய பேச்சு இவர்களைப் பற்றியது. ஒரு பிள்ளை ஆடக் கற்பதற்கு நமது வரலாற்றில் யார் யார் என்ன கொடுத்தார்கள், கொடுத்ததற்குப் பதிலாக என்ன கேட்டார்கள் என்பதைச் சிறிது நோக்குவோம்.

இலக்கியத்திலிருந்து தொடங்குவது நமது வழக்கம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நாம் பெரும்பாலும் மாதவியின் அழகுக்காகவே படித்திருக்கிறோம். ஆனால் அது ஒரு பயிற்சியின் கணக்கும் ஆகும். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு கற்று, பன்னிரண்டு வயதில் மன்னன் முன் ஆடுகிறாள் அந்தச் சிறுமி. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என அவளைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள்! அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று இளங்கோவடிகள் தளத்தைக்கூட அளந்து சொல்கிறார். நல்ல ஆடலுக்கு நல்ல தளம் வேண்டும் என்பது அவர் அறிந்த உண்மை.

மன்னன் மகிழ்ந்து தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் வழங்குகிறான். அதற்கப்பால் நடப்பதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அந்த மாலை ஒரு கூனியின் கையில் நகரத்து இளைஞர் திரியும் வீதிக்கு வருகிறது. விலை கொடுத்து வாங்குபவன் மாதவிக்கு மணமகன். பரிசு பெற்ற அன்றே பரிசின் மதிப்பு அவள் மேல் விலையாக எழுதப்பட்டுவிட்டது. கொடுக்கும் கை தன் நிபந்தனையையும் சேர்த்தே கொடுக்கிறது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நமக்கு வேண்டியதில்லை.

காவியத்திலிருந்து கல்வெட்டுக்கு வருவோம். 1014 ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த சாசனம் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகக் கூறுகிறது. அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாம் வீட்டில் குடியிருந்தார்கள் என்பதுவரை அதில் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவர்களுக்கும் வாத்தியக்காரருக்கும் தனித்தனியே பங்குகள். இன்னுமொரு விதியும் உண்டு. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறிடம் போனாலோ நெருங்கிய உறவினர் அதைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையாயின் தகுதியுள்ள வேறொருவரைத் தேடி நியமிக்க வேண்டும். கலைக்குக் கொடுத்தது கலைக்கே சேரவேண்டும் என்ற கவனம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. ஆயினும் அந்தப் பங்கை உண்டவர்கள் கோயிலைவிட்டு விலகி வேறொரு வாழ்வைத் தேர்ந்திருக்க முடியுமா என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே.

தஞ்சையின் அந்தப் ‘பங்கு’ என்ற சொல் நம்மைக் கண்டி இராச்சியத்துக்கு அழைத்து வருகிறது. மாத்தளையும் அந்த இராச்சியத்தைச் சேர்ந்த நிலமே. விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் மேளமும் ஆடலும் வழங்கிய குடும்பங்கள் அதற்காக வயல் நிலம் பெற்றன. அந்த நிலத்தைச் சிங்களத்தில் ‘பங்குவ’ என்றே சொல்வார்கள். சொல் மாத்திரமல்ல, முறையும் உறவுடையது. கண்டிய ஆடலில் பதினெட்டு வன்னங்கள் உண்டு. வன்னத்தின் முடிவில் ஆடப்படும் பகுதிக்கு ‘அடவ்வ’ என்று பெயர். நமது அடவை அங்கே கேட்கிறோம் அல்லவா? சிறுவன் முதலில் கால் பயிற்சியும் கை பயிற்சியும் ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டும். குரு தகுதி கண்ட பின்னரே, சடங்கோடு ‘வெஸ்’ என்னும் முடி அவன் தலையில் ஏறும்.

1832 இல் ஆங்கிலேயர் இராஜகாரிய முறையை ஒழித்தபோது கோயில் நிலங்களின் ஊழியம் அப்படியே நின்றது. 1870 ஆம் ஆண்டின் சட்டம், ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் வழி திறந்தது. பிறப்பால் விதிக்கப்பட்ட கடமையிலிருந்து விடுபட அது ஒரு கதவு. ஆனால் அந்தக் கதவு வழியே ஆடற்கலையின் சோறும் வெளியே போகத் தொடங்கியது.

ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு மக்கள் கூட்டம் மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே அனுராதபுரமும் தம்புள்ளையும் கடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நமது முன்னோர். வாந்திபேதியில் மாண்டவர் போக எஞ்சியோர் அடைந்த மலைநாட்டு வாசல் மாத்தளை. அவர்களுக்கு மன்னன் தந்த பங்கு இல்லை. கோயில் தந்த வயல் இல்லை. கையில் இருந்தது தப்பும், நெஞ்சில் இருந்த கதைகளுமே. அந்தத் தப்பையும் தோட்ட நிர்வாகம் சும்மா விடவில்லை. விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு எழுப்புவதற்கு அதுவே மணியாயிற்று. பகலில் வேலைக்கு அழைத்த அதே தப்பு, மாசி மாதத்து இரவில் ஆட்டத்துக்கு அழைத்தது. அந்த ஆட்டமே காமன் கூத்து.

மாத்தளை வடிவேலன் முதலானோர் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதியதனால், தோட்டத்துக்கு வெளியில் உள்ளவர்களும் இக்கூத்தை ஓரளவு அறிவார்கள். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்த கதை. மாசி அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அதற்கு முன்பே பயிற்சி தொடங்கிவிடும். கொழுந்து பறித்தும் மலை வெட்டியும் களைத்து வந்தவர்கள், இரவில் விளக்கு வெளிச்சத்தில் இளைஞர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பார்கள். கற்றுக்கொடுப்பவரைக் காமன் மாஸ்டர் என்பார்கள். அவரும் ஒரு தோட்டத் தொழிலாளியே. ரதியாக ஆடுபவனும் ஆண்பிள்ளையே. காப்புக் கட்டினால் விரதம்.

இதற்கான செலவை யார் பொறுத்தது? லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு. ரதியும் மன்மதனும் காம்பராக்களின் வாசலுக்கு ஆடி வரும்போது, இருப்பதில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் வைத்தார்கள். அரிசி, தேங்காய், சில்லறைக் காசு. நமது கலை வரலாற்றில் இது சாதாரண விடயமல்ல. தங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தைத் தாங்களே தாங்கிய ஒரு மக்கள் கூட்டத்தை இங்கே காண்கிறோம். அவர்கள் அதற்காக எவருடைய உடம்பையும் விலை பேசவில்லை; எவருடைய நிலத்தையும் எழுதி வாங்கவில்லை. குறையே இல்லையென்று சொல்லமாட்டேன். தப்படித்தவரைச் சாதியின் பேரால் தள்ளி நிறுத்திய கறை அங்கும் உண்டு. பெண்பிள்ளைக்கு அந்தப் பொட்டலில் இடமும் இல்லை.

இந்த ஏற்பாடு ஏன் தளர்ந்தது? 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எண்ணிக்கை போட்டது. ஒரு தோட்டத்திலிருந்து பத்துக் குடும்பம் புறப்பட்டால், அதில் ஒரு தப்புக்காரரும் ஒரு மாஸ்டரும் இருந்திருக்கலாம். அவர்களோடு போன பாட்டும் அடியும் எந்த ஒப்பந்தத்தின் கணக்கிலும் வரவில்லை. 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயமும் தேர்களும் தீக்கிரையாயின. பின்னர் கோயில் எழுந்தது; மாசிமகத்துக்கு ஐந்து தேர்களும் மீண்டும் வீதிக்கு வந்தன. தேரை மறுபடியும் செய்துகொள்ளலாம். சிதறிய ஆட்டக்குழுவைச் சேர்ப்பது அத்தனை எளிதல்ல.

இதனிடையே ஆடல் உலகமே இடம் மாறிவிட்டது. 1935 இல் ருக்மிணிதேவி அடையாறில் மேடையேறினார். 1936 இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. 1947 இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிந்தது. சதிர் பரதநாட்டியமாகி, நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளைகள் கற்கும் கலையாயிற்று. பெண்கள் பெரிய இழிவொன்றிலிருந்து விடுபட்டார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் பங்கு போனதும் செலவு குடும்பத்தின் தலையில் விழுந்தது. இலங்கையிலும் அதுவே நடந்தது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்திலும் மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்த இசை நடனக் கல்லூரியிலும் கற்றவர்கள் ஆசிரியர்களானார்கள். நடனம் பாடசாலைப் பாடமாயிற்று. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளும் வந்தன. தோட்டத்துப் பெண்பிள்ளை ஆடுவதற்கு முதன்முதலாக ஒரு வாசல் திறந்ததும் இவ்வாறுதான். காமன் பொட்டல் மறுத்ததைப் பாடசாலை கொடுத்தது. நன்றியோடு நினைக்கவேண்டிய மாற்றம் இது.

என்றாலும், வாசல் திறந்தால் போதுமா? பாடசாலை, வலயம், மாகாணம், தேசியம் எனப் போட்டி படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பிரயாணம், ஒரு உடுப்பு வாடகை, ஒப்பனை, வேலைக்குப் போகாத ஒரு நாள் சம்பளம். ஆகவே வலயத்தில் முதலிடம் பெற்ற பிள்ளை மாகாணத்தில் தோற்றால், அது ஆட்டத்தில் தோற்றதா, பயணத்தில் தோற்றதா என்று எவராலும் சொல்லமுடியாது. தளத்தின் கதையும் இப்படியே. நாட்டின் தலைசிறந்த ஆடற்கலைஞர் சித்திரசேனவே, 1944 இலிருந்து கொள்ளுப்பிட்டியில் நடத்திய தமது ஆடற்பள்ளியின் இடத்தை 1982 இல் இழந்து, நெடுங்காலம் நிலையான தளமின்றி இருந்தார். அவருக்கே அந்த நிலையென்றால், மேசைகளை ஒதுக்கிவிட்டு வகுப்பறைச் சீமெந்துத் தரையில் தட்டடவு பழகும் பிள்ளையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

நேயர்களே, பிள்ளை வென்ற பிறகு மாலை போடுவதை நாம் ஆதரவு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது இளங்கோ காலத்து மன்னன் செய்த வேலை. ஆதரவு தேவைப்படுவது அதற்கு முந்திய ஏழாண்டில். கோயில் சபையோ பழைய மாணவர் சங்கமோ உடுப்புப் பெட்டி ஒன்றை வாங்கிப் பாடசாலைகளுக்குப் பொதுவில் வைக்கலாம். போட்டிக்குப் போகும் பிள்ளையோடு செல்லும் தாயின் பஸ் செலவை யாரேனும் ஏற்கலாம். மண்டபமுள்ளவர்கள் வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது கதவைத் திறந்துவிடலாம். எஞ்சியிருக்கும் காமன் மாஸ்டர்களைச் சான்றிதழ் கேட்காமல் பாடசாலைக்கு அழைத்து, கிராமிய நடனத்துக்கு அடியெடுத்துக் கொடுக்கச் சொல்லலாம். அப்போது ஒலிநாடாவில் கேட்ட தப்பொலிக்கு ஆடும் பிள்ளை, உண்மையான தப்புக்கு ஆடும். பொட்டலில் இடம் பெறாத பெண்பிள்ளையும் அந்த அடியைக் கற்கும்.

இவற்றில் ஒன்றுக்கும் மன்னனோ மந்திரியோ வேண்டியதில்லை. லயத்து வாசலில் அரிசியும் தேங்காயும் வைத்தவர்கள் பணக்காரர்களாக இருக்கவில்லை. ஆட்டம் தங்களுடையது, ஆடும் பிள்ளையும் தங்களுடையது என்று அவர்கள் எண்ணினார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டதெல்லாம் அடுத்த மாசியிலும் தப்புச் சத்தம் கேட்கவேண்டும் என்பது மாத்திரமே.